கம்பி இழுக்கும் வைபவம்

"பற்றிக், இனிமேல அந்தக் கம்பியில நீ கை வைக்கப்படாது."

"எந்தக் கம்பி, ஐயா?"

"என்ஜின் எண்ணெய் பாக்கிற கம்பி. அது இப்ப சபைட பொறுப்பு."

நாணலோடைப் பிரதேச சபையின் தவிசாளர் அழகரத்தினம் இதைச் சொல்வதற்காக நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். சின்ன விசயங்களை அவர் உட்கார்ந்தபடியே சொல்வார். எழுந்தால் அது சரித்திரம்.

பற்றிக் சபையின் தண்ணீர் பவுசரை, தாங்கி பூட்டிய லொறியை, ஓட்டுபவன். வறட்சி தொடங்கினால் வாவிப் பாலத்தைக் கடந்து, பழுகாமத்துக்கும் அதற்கு அப்பால் வயல் வட்டைகளை ஒட்டி இருக்கிற குடியிருப்புகளுக்கும் அந்தப் பவுசர்தான் கிணறு. காலையில் என்ஜினை எழுப்புவதற்கு முன் அதன் மூடியை, பொனற்றை, திறப்பான். கம்பியை உருவி, பழைய சாரத் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே இறக்கி எடுத்துப் பார்ப்பான். கம்பியில் இருக்கிற இரண்டு அடையாளங்களுக்கு நடுவில் எண்ணெய் நின்றால் பயணம். கீழே நின்றால் ஊற்றிவிட்டுப் பயணம். லொறி ஓட்டுகிற எவனும் செய்கிற வேலை. முகம் கழுவுவதை யாரும் கடமை என்று சொல்வதில்லை அல்லவா, அதுபோல இதையும் யாரும் கடமை என்று சொன்னதில்லை.

அப்படி இருக்கும்போது வேறெங்கோ ஒரு சபையின் குப்பை லொறி எண்ணெய் இல்லாமல் என்ஜின் இறுகி நின்றுபோனது. 'உங்கள் சபையில் எண்ணெய்க்கு யார் பொறுப்பு?' என்று மாவட்டக் கூட்டத்தில் ஒவ்வொரு தவிசாளரையும் கேட்டார்கள். அழகரத்தினத்துக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு விடையைத் தயாரித்துவிட்டார்.

"குழு ஒண்டு போடுறன். எண்ணெய் மட்டப் பரிசோதனைக் குழு."

"நானே பாக்கிறன் தானே, ஐயா? இவ்வளவு நாளும்..."

"ஒராள் பாத்தா அது பார்வை. பலபேர் பாத்தாத்தான் அது நிர்வாகம்."

பற்றிக்குக் கோபம் வரவில்லை. வேலை குறைந்ததே என்றுதான் நினைத்தான். தவிசாளரோடு முரண்டுபிடிக்கிற காலமும் அது இல்லை. நிரந்தரமில்லாத அமைய அடிப்படையிலேயே அவனுக்குத் தலை நரைத்திருந்தது. அந்த ஆண்டுதான் சபைக்கு நிரந்தரச் சாரதி வெற்றிடம் ஒன்று, ஒன்றே ஒன்று, வந்திருந்தது. அவன் மனைவி றோசம்மாவும் அவனும் 'நிரந்தரம்' என்ற சொல்லை, பிந்திப் பிடித்த கர்ப்பத்தைப் பற்றிப் பேசுவதுபோல, அடுத்த வீட்டு வளவுக்குக் கேட்காமல்தான் பேசிக்கொண்டார்கள்.

குழுவில் பவுசரின் பிரதிநிதியாக உதயரூபனைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பற்றிக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த யோசனையும் போய்விட்டது. உதயரூபன் பவுசரில் குழாய் பிடிக்கிறவன். பற்றிக்கின் வயதுதான், அவனும் அமையம்தான். கனரக வாகன அனுமதிப்பத்திரம் அவனிடமும் இருந்தது. உதயரூபனின் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றது பற்றிக். பற்றிக்கின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் கோயில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றது உதயரூபன்.

"நீ உள்ளுக்க இரிக்கிறாய். எனக்கென்ன பயம் மச்சான்?"

"என்ட உசிர் போனாலும் உன்னை விட்டுக் குடுப்பனா?" என்றான் உதயரூபன்.

முதல் பரிசோதனை திங்கட்கிழமை சுபவேளையில் நடந்தது. குத்துவிளக்கு இருந்தது. பொனற்றில் செவ்வந்தி மாலை இருந்தது. சபையின் பெயர்ப்பலகை படத்தில் விழவேண்டும் என்பதற்காக பவுசரைச் சபை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார்கள். அந்த வாசல் வாவியைப் பார்த்துச் சரிந்த நிலம்.

"ஐயா, லொறி மூக்குக் குத்தி நிக்கிது. எண்ணெய் எல்லாம் முன்னுக்கு வந்திரும். கம்பி கூட்டிக் காட்டும். சமனான நிலத்தில நிப்பாட்டினாத்தான்..."

"சபை வாசல் சரிவு எண்டு ஆர் தீர்மானிச்சது?"

"மழ பெஞ்சா தண்ணி வாவிக்கு ஓடுது, ஐயா."

"அது மழைட விருப்பம். சபையில அப்பிடித் தீர்மானம் ஒண்டும் இல்ல."

என்ஜினை நிறுத்திய பிறகு எண்ணெய் கீழே இறங்கக் கொஞ்சம் பொறுக்கவேண்டும். தவிசாளரின் உரை நீண்டுகொண்டே போனதால் இந்த ஒரு நிபந்தனை மட்டும் தானாகவே நிறைவேறியது. பிறகு அவர் வெள்ளைக் கையுறை போட்டுக் கம்பியை உருவினார். கை தட்டினார்கள்.

"இப்ப அதைத் துடைச்சுப்போட்டு மறுகா இறக்கி எடுக்கணும், ஐயா. முதல் எடுக்கிறது சரியாக் காட்டாது" என்றான் பற்றிக்.

செயலாளர் சுலோஜனா திடுக்கிட்டுப் போனார். கணக்காய்வு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்கிற பெண்மணி.

"துடைக்கிறதா? தம்பி, முதல் வந்தது சான்று. சான்றைத் துடைச்சிப்போட்டு வேற சான்று எடுத்தா அதுக்குப் பேர் என்ன தெரியுமா?"

"எண்ணெய் பாக்கிறது எண்டு சொல்லுவம், அம்மா."

"மோசடி எண்டு சொல்லுவாங்க."

கம்பி துடைக்கப்படவில்லை. அடுத்ததாக, அதை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. இந்த ஊரில் கோயில் காளாஞ்சித் தாம்பூலத்தை முதலில் யார் கையில் கொடுப்பது, பிறகு எந்தக் குடி, அதற்குப் பிறகு எந்தக் குடி என்பதில் முறை தப்பினால் திருவிழா நின்றுபோகும். கம்பிக்கும் அந்த முறையே பொருந்தும் என்று முடிவானது. தவிசாளர் இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்து உபதவிசாளருக்குக் கொடுத்தார். உபதவிசாளர் கண்ணில் ஒற்றப் போய், எண்ணெய் என்று நினைவு வந்து, செயலாளருக்குக் கொடுத்தார். அவர் கைலேஞ்சித் துணியால் பிடித்து வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தார். அப்படியே உறுப்பினர் ஒவ்வொருவராகக் கைமாறி, எல்லாருடைய சட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை விட்டுவிட்டு, கடைசியில் உதயரூபனிடம் வந்தபோது கம்பி கழுவி வைத்த கரண்டிபோல் மின்னியது.

"ஒண்டுமே இல்லையே" என்று உதயரூபன் வாய்க்குள் சொன்னான்.

"என்ன சொன்னாய்?" என்றார் தவிசாளர்.

"நிறைவா இரிக்கு, ஐயா."

பற்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவுசரில் ஏறிய பிறகு, "நல்லாச் சமாளிச்சாய் மச்சான்" என்று முதுகில் தட்டினான்.

பரிசோதனையின் முடிவு 'திருப்தி' என்று அறிவிக்கப்பட்டது. நிறைந்தது, குறைந்தது என்று சொன்னால் பிறகு யாராவது அளந்து பார்க்கக்கூடும். திருப்தியை அளக்க முடியாது.

ஆனாலும் பற்றிக்குக் கை கேட்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம், சமனான நிலமாகப் பார்த்து நிறுத்தி, ஒரு காலையில் தானே கம்பியை இழுத்துப் பார்த்தான். குறைந்திருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை ஊற்றினான். இதை உதயரூபனிடம் மட்டும் சொன்னான். உதயரூபன் அந்த நேரம் வழக்கம்போலப் பிளேன்ரீ குடிக்கப் போயிருந்தான். பார்த்திராதவனுக்கும் தெரிந்திருக்கட்டும், ஒரே லொறியில் போகிறவன் என்றுதான் சொன்னான்.

அடுத்த நாளே தவிசாளர் கூப்பிட்டார். எழுந்துதான் நின்றார்.

"பாலத்தடியில களவாக் கம்பி இழுத்தியாமே?"

"களவா இல்ல, ஐயா. எண்ணெய் குறைஞ்சி போய்..."

"குழு திருப்தி எண்டு சொன்ன எண்ணெய் எப்பிடிக் குறையும்? அப்ப குழு பொய்யா?"

அன்றைக்கே பொனற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டின் திறப்பு சுலோஜனாவின் கைப்பைக்குள் போனது.

"ஆர் மச்சான் சொல்லியிருப்பான்?" என்று பற்றிக் கேட்டான்.

"றோட்டால போறவன் எவனாவது கண்டிருப்பான். ஊர்க் கண் பொல்லாதது" என்றான் உதயரூபன். "இனி ஒண்டெண்டா என்னட்டச் சொல்லு. வேற ஒருத்தரிட்டயும் வாய் திறக்காத."

பற்றிக் அவனுக்கு நன்றி சொன்னான்.

குழு வேகமாக வளர்ந்தது. கம்பியைப் பார்ப்பவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று 'எண்ணெய் மட்டமும் பொதுமக்கள் நம்பிக்கையும்' என்ற தலைப்பில் பாசிக்குடாவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. கணவாய்ப் பொரியலும் கடல் குளியலும் இருந்தன. எண்ணெய் இருக்கவில்லை. செயலாளரோடு சேர்ந்து கைப்பையும் போனதால், பவுசர் பொனற் திறக்கப்படாமலே ஓடியது. திரும்பி வந்த பிறகு கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர் வராமல் பரிசோதனை ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்ட பரிசோதனைக்கும், முன்னைய முடிவின் அடிப்படையில், திருப்தி என்றே முடிவு எழுதினார்கள்.

வளைவுகளில் திரும்பும்போது, ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருக்கிற சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு. பற்றிக் போய் முறையிட்டான். தவிசாளர் தானே வந்து, படி வைத்து ஏறி, ஆசனத்தில் அமர்ந்து அதைப் பார்த்தார்.

"இந்த விளக்குக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?"

"லொறி செஞ்ச ஆக்கள் வச்சது, ஐயா."

"குழு இரிக்கு எண்டுது. விளக்கு இல்ல எண்டுது. ஒரு வாகனத்துக்குள்ள ரெண்டு அபிப்பிராயம் இரிக்க ஏலா. ஒழுங்கு கெட்டுப்போயிரும்."

"அப்ப எண்ணெயப் பாருங்களன், ஐயா."

"விளக்கு சொல்லுது எண்டு குழு ஓடுறதா? சபைட மரியாதை என்னாகிறது?"

உதயரூபன் கறுப்புத் தேப் கொண்டுவந்தான். விளக்கின்மேல் ஒட்டியதும் அவன்தான். வாகனத்தில் ஒருமித்த கருத்து ஏற்பட்டது.

ஆனால் சத்தத்துக்கு மேல் தேப் ஒட்ட முடியவில்லை. என்ஜின் கூழாங்கல்லைக் கொறிப்பதுபோல் கொறித்தது. தண்ணீர் நிரப்பி, புறப்படுகிற நேரத்தில் பற்றிக் என்ஜின் திறப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எண்ணெய் இல்ல மச்சான். இண்டைக்கு நான் எடுக்கமாட்டன். எடுத்தா என்ஜின் இறுகும்."

"விசர்க் கதை கதைக்காத. இண்டைக்கு எடுக்காம விட்டா, வேலைக்கு மறுத்தவன் எண்டு போடுவாங்க. நிரந்தரம் கைக்குக் கிட்ட வந்து நிக்கிது. நீ அதைத் தள்ளி விடப்போறியா?"

"அப்ப என்னதான் செய்ய?"

"நீ எடு. அங்க சனம் குடத்தோட நிக்கும். நான் இப்பவே ஐயாக்குக் கோல் எடுத்துச் சொல்லுறன். திரும்பி வந்த உடன பூட்டைத் திறப்பிக்கிறன். நான் பொறுப்பு."

"சத்தியமா?"

"எட, என்னையே நம்ப மாட்டியா?"

பற்றிக் திறப்பை மறுபடி போட்டான். உதயரூபன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு இறங்கி மரத்தடிக்குப் போய், கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்து, "சொல்லிப்போட்டன், போ" என்றான். பற்றிக் தனியே லொறியை எடுத்தான்.

நடுப்பாலத்தில் என்ஜின் ஒருமுறை அலறிவிட்டு நின்றது. அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. வாவிக் காற்று மட்டும் கேட்டது. பற்றிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

தண்ணீர் வராததைக் கண்டு மறுகரைப் பெண்கள் குடங்களோடு பாலத்தின்மேல் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் சீதேவி.

"என்ன தம்பி, நடுவழியில நிண்டிற்றாய்?"

"என்ஜின் செத்துப்போச்சி, அக்கா."

"தண்ணி உசிரோட இரிக்குதானே? குழாயத் திற."

அவன் திறந்தான். பாலத்தில் வரிசை நின்றது. சீதேவி தன் குடத்தை நிரப்பிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆரையும் உன்னில பிழை சொல்ல விடாத, தம்பி. நீ எங்கட தண்ணிக்காரன்."

விசாரணை நடத்தியது எண்ணெய் மட்டப் பரிசோதனைக் குழு. எண்ணெய் விசயத்தில் அனுபவம் உள்ள குழு வேறு இல்லை என்று தவிசாளர் காரணம் சொன்னார். மின்விசிறிக்கு நேரே பற்றிக்குக் கதிரை போடாமல் நிற்கவைத்தார்கள்.

"உபதவிசாளர் அவர்களே, எண்ணெய் குறைந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது, தலைவர் அவர்களே."

"செயலாளர் அவர்களே?"

"சத்தியமாத் தெரியாது. திறப்புத்தான் என்னிடம் இருந்தது. எண்ணெய் இருக்கவில்லை."

"எனக்கும் தெரியாது" என்றார் தவிசாளர். தன்னைத் தானே கேட்டு, தனக்குத் தானே பதில் சொன்னார். பிறகு எழுந்தார். "சபையோரே, நான் பெருமையுடன் சொல்கிறேன். இந்தக் குழுவில் எவருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் கைகள் தூய்மையானவை. அப்படியானால், எண்ணெய் இல்லை என்பது யாருக்குத்தான் தெரிந்திருந்தது?"

 பற்றிக் உதயரூபனைப் பார்த்தான். இவன் எழும்புவான், நடந்ததைச் சொல்வான் என்று நம்பினான். உதயரூபன் எழும்பினான்.

"மேற்படி சாரதிக்குத் தெரியும்."

பற்றிக்குச் சட்டென்று விளங்கவில்லை. மேற்படி சாரதி யாரென்று ஒருகணம் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"அண்டு காலையில, லொறிய எடுக்க முன்னம், எண்ணெய் இல்ல, என்ஜின் இறுகும் எண்டு மேற்படி சாரதி என்னிடம் வாய்விட்டுச் சொன்னவர். தெரிஞ்சிகொண்டுதான் எடுத்தவர். அதுக்கு முன்னமும் பாலத்தடியில களவாக் கம்பி பாத்தவர். அதையும் அவரே என்னிடம் ஒத்துக்கொண்டவர். நான் அண்டைக்கே தவிசாளர் ஐயாவிடம் முறைப்படி அறிவிச்சனான்."

றோட்டால் போன அந்த எவனோ யார் என்று அப்போதுதான் பற்றிக்குத் தெரிந்தது.

"மச்சான்" என்றான்.  "எடு எண்டு சொன்னது நீ. ஐயாக்குச் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னது நீ."

உதயரூபன் தவிசாளரைப் பார்த்தபடி சொன்னான்: "அப்பிடி ஒரு உரையாடல் நடந்ததா எனக்கு ஞாபகம் இல்ல."

"அந்த நேரம் எனக்குக் கோல் ஒண்டும் வரல்ல" என்றார் தவிசாளர்.

"அப்ப மரத்தடியில நிண்டு ஆரோட மச்சான் கதைச்சாய்?"

 சுலோஜனா மேசையைத் தட்டினார். "விசாரணையில மச்சான் கிச்சான் எண்டு கதைக்கப்படாது. உறுப்பினர் அவர்களே எண்டு சொல்லணும்."

"நீங்க தொடப்படாது எண்டீங்க, தொடல்ல. பூட்டினீங்க, உடைக்கல்ல. இதுல நான் செஞ்ச பிழை என்ன, ஐயா?" என்றான் பற்றிக்.

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் தீர்ப்பு பிறகு சபையின் ஆண்டு மலரிலும் வந்தது.

"தெரியாமல் நடப்பது தவறு. தவறு மனித இயல்பு. தெரிந்து நடப்பது குற்றம். இந்தச் சபையிலே எண்ணெயைப் பற்றித் தெரிந்திருந்த ஒரேயொருவர் நீர். ஆகவே இந்தச் சபையிலே குற்றம் செய்யக்கூடிய தகுதியும் உமக்கு மட்டுமே உண்டு."

கை தட்டினார்கள். பாலத்தில் வைத்து அனுமதியின்றித் தண்ணீர் விநியோகித்தது இரண்டாவது குற்றம் என்று சேர்த்துக்கொண்டார்கள். பற்றிக்கின் அமைய வேலை அன்றோடு முடிந்தது. நிரந்தரச் சாரதி வெற்றிடம், நேர்மையும் குழு அனுபவமும் கனரக அனுமதிப்பத்திரமும் ஒருங்கே உடையவர் என்ற காரணத்தால், உதயரூபனுக்குப் போனது.

றோசம்மா அழவில்லை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் இருந்தாள்.

"நிரந்தரம் போனது போகட்டும். அவன் எப்பிடிங்க அப்பிடிச் சொன்னான்? உங்கட முகத்தப் பாத்தா சொன்னான்?"

"இல்ல. தவிசாளர்ட முகத்தப் பாத்து."

"அப்ப கொஞ்சம் வெக்கம் இரிந்திரிக்கு."

"அதான் புள்ள எனக்குத் தாங்க ஏலாமக் கிடக்கு."

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு பின்னேரம், வளவு வேலிக்கு வெளியே ஒரு பெரிய லொறி வந்து மூச்சு விட்டு நின்றது. சபைக்கு நன்கொடையாக வந்த புதுப் பவுசர். உதயரூபன் இறங்கி, வேலிப் படலைக்கு வெளியிலேயே நின்றான். றோசம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"உங்கட உசிர்ச் சினேகிதன் வந்து நிக்கிறான். செருப்பால அடிக்கிறதா, தேத்தண்ணி வைக்கிறதா?"

"ஒண்டும் வேணா. நான் போறன்."

பற்றிக் படலையடிக்குப் போனான்.

"கோவமா மச்சான்?"

பற்றிக் படலையில் கையை ஊன்றி நின்றான்.

"என்ட நிலமையில நீ இரிந்தாலும்..."

"இரிந்தாலும்?"

 உதயரூபன் கால் விரலால் மணலைக் கிளறினான். "குழுவக் கலைச்சிற்றாங்க. அதுட நோக்கம் நிறைவேறிற்றாம். இனி எண்ணெய்க்கு நான்தான் தனிப் பொறுப்பாம். என்ஜினுக்கு ஒண்டு நடந்தா என்ட தலைதான் போகும்."

"நல்லது."

"நீ காலையில பாக்கக்குள்ள நான் பிளேன்ரீக்குப் போயிருவன். ஒருநாளும் கவனிச்சதில்ல. அந்த ரெண்டு அடையாளத்தில மேல நிக்கணுமா, கீழ நிக்கணுமா? சபையில கேக்க ஏலா, சிரிப்பாங்க. லொறி திருத்திற கராச்சில கேட்டா கதை வெளிய போகும். சத்தமும் ஒரு மாதிரிக் கேக்கிது. எனக்குப் பயமா இரிக்கு மச்சான்."

பற்றிக் அவனைத் தாண்டி லொறியைப் பார்த்தான். தாங்கி நிறையத் தண்ணீர். விளிம்பால் வழிந்த ஈரம் சக்கரம்வரை இறங்கியிருந்தது. இந்த நேரத்துக்கு அது பாலத்தைக் கடந்திருக்க வேண்டும்.

அவன் படலையைத் திறந்துகொண்டு வெளியே போனான். சக்கரங்களைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். லொறியில் ஏறி, அதைச் சமனான இடத்துக்கு எடுத்துவந்து நிறுத்தினான். எண்ணெய் இறங்குமட்டும் டயரில் சாய்ந்துகொண்டு நின்றான். உதயரூபன் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு பற்றிக் பொனற்றைத் திறந்து, கம்பியை உருவி, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்து, இறக்கி, மறுபடி எடுத்துப் பார்த்தான். உள்ளே போய், தன்னிடம் இருந்த எண்ணெயைக் கொண்டுவந்து கொஞ்சம் ஊற்றினான். மீண்டும் பார்த்தான். உதயரூபன் எட்டிப் பார்க்க வந்தபோது கம்பி உள்ளே போயிருந்தது. பொனற்றை மூடினான்.

"எவ்வளவில நிக்கிது மச்சான்?"

"எனக்குத் தெரியா, ஐயா."

அந்த 'ஐயா' உதயரூபனின் முகத்தில் விழுந்தது. 

"நீங்க எடுங்க" என்றான் பற்றிக். "அங்க சனம் நிக்கும்."

உதயரூபன் ஏறினான். என்ஜின் எழும்பியது. சத்தம் சுத்தமாக இருந்தது. அவன் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினான்.

"அப்ப நாளைக்கு?"

பற்றிக் உள்ளே வந்து, படலையைச் சாத்தி, கொளுக்கியைப் போட்டான்.